பூச்சிக்காளைக்கு (இனப்பெருக்கக் காளைக்கு) ஏ2 சோதனை: எந்த முறை எந்தப் பக்கம் தவறும்?

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில்) மேயும் மாட்டுக்கு மரபணுச் சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாட்டு மாடு என்றாலே ஏ2 தானே என்பது சந்தைப் பேச்சு. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஜெர்சி, ஃப்ரீசியன் சினை ஊசிகள் ஊருக்குள் வந்து பல மாட்டுத் தலைமுறை ஆகிவிட்டது. மயிலை நிறமும் ஏறிய திமிலுமாக நிற்கும் காளையின் பாட்டி எந்த ஊசிக்குப் பிறந்தது என்பதை நிறம் சொல்லாது. பால் கறக்கும் மாடென்றால் பாலின் புரதத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். காளைக்கும் கிடேரிக்கும் டிஎன்ஏ ஒன்றே வழி.

தேடுவது ஒரே ஒரு எழுத்தைத்தான். பாலில் உள்ள பீட்டா கேசின் 209 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். அதன் 67ஆம் இடத்தில் ப்ரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. மரபணுவில் சிசிடி என்பது சிஏடி ஆகியிருக்கும், அவ்வளவே. இந்த மரபணு மாட்டின் 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மாற்றம் இருப்பது அதன் 7ஆம் எக்ஸானில், அதாவது புரதத்துக்கான குறியீடு உள்ள பகுதிகளில் ஒன்றில். ஒவ்வொரு மாட்டுக்கும் இந்த மரபணு தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டு பிரதி. இரண்டும் ஏ2 என்றால் ஏ2ஏ2, இரண்டும் ஏ1 என்றால் ஏ1ஏ1, ஆளுக்கொன்று என்றால் ஏ1ஏ2.

ஏ2 பாலின் மகிமை பற்றி ஒரு வார்த்தை. ஏ1 பாலால் நோய் வரும் என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆராய்ந்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமோ பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக்கூடாது என்று 2024 ஆகஸ்ட் 21இல் அறிவித்து, 26ஆம் தேதியே அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே இந்தச் சோதனை மாட்டின் மரபணு வகையைச் சொல்லும். பாலின் மருத்துவ குணத்துக்குச் சான்றிதழ் தராது. காளை இனக்கலப்பு இல்லாததா என்பதற்கும் இது சான்று ஆகாது. கலப்பின மாட்டிலும் ஏ2ஏ2 உண்டு.

ஒரு கல்லூரி ஆய்வகமோ பால் உற்பத்தியாளர் நிறுவனமோ இந்தச் சோதனையைத் தொடங்கும்போது முதலில் கையில் எடுப்பது விலைப்பட்டியலை. அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: முறை சொதப்பினால் எந்தப் பக்கம் சொதப்பும்? ஏ1ஏ2 காளையை ஏ2ஏ2 என்று எழுதிக் கொடுத்தால், அது போடும் கன்றுகளில் பாதிக்கு ஏ1 போகும். பல ஊர்ப் பசுக்கள் அந்தக் காளைக்கு வந்து போன பிறகு, கன்றுகள் வளர்ந்து சோதிக்கும்போதுதான் தவறு தெரியும். மாறாக ஏ2ஏ2 காளையை ஏ1ஏ2 என்று எழுதினால் நஷ்டம் ஒரு மறுசோதனையும் உரிமையாளரின் கோபமும்தான். காளைத் தேர்வில் முதல் தவறுதான் விலை உயர்ந்தது. விற்கப்போகும் பசுவைச் சோதிக்கும்போது கணக்கு தலைகீழாகும். அங்கே இரண்டாவது தவறு விற்பவரின் மடியில் கை வைக்கும்.

மாதிரி எடுப்பது

ரத்தம் எடுக்கக் கால்நடை மருத்துவர் வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும். சித்திரை வெயிலில் கண்ணபுரம் சந்தையிலோ ஆடியில் அந்தியூர் சந்தையிலோ அது நடக்கிற காரியமில்லை. வால் குஞ்சத்தில் 15, 20 முடியை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டால் போதும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முடியை வெட்டி எடுத்தால் வேர்க்குமிழ் வராது. குமிழில்தான் செல் இருக்கிறது. ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் இடையில் கையைத் துடைப்பதை மறந்தால், ஒட்டிய ஒரு முடி போதும், முடிவைக் கெடுக்க.

இரட்டைக் கன்றாகப் பிறந்த மாடு என்றால் ரத்தம் எடுக்கவே வேண்டாம். மாட்டு இரட்டைகளில் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். உடன்பிறப்பின் ரத்தச் செல்கள் ஆயுள் முழுக்க இதன் உடம்பில் ஓடும். ரத்தத்தில் பார்த்தால் ஏ1ஏ2 என்று வருவது முடி வேரில் ஏ2ஏ2 என்று வரலாம். சரியானது முடி வேர்தான். உறைவிந்துக் குழலில் இருந்து எடுப்பதானால் புரதத்தைச் சிதைக்கும் ப்ரோட்டினேஸ்-கே நொதி மட்டும் போதாது. விந்துத் தலைக்குள் டிஎன்ஏ புரதத்தோடு கந்தகப் பிணைப்பால் இறுகிக் கிடக்கும். அதை உடைக்க டிடிடி என்ற ரசாயனம் சேர்க்க வேண்டும்.

முடியிலிருந்து டிஎன்ஏ எடுக்கச் செலவில்லாத வழி காரத்தில் வேகவைப்பது. 5, 6 வேர்களை ஒரு செ.மீ. நீளம் விட்டு நறுக்கி, 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் இடிடிஏவும் கலந்த கரைசல் 75 மைக்ரோலிட்டரில் போட்டு 95 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். ஆறியபின் 40 மில்லிமோலார் டிரிஸ் எச்சிஎல் 75 மைக்ரோலிட்டர் சேர்த்துக் காரத்தைச் சமன் செய்ய வேண்டும். மேல்தெளிவிலிருந்து 1 முதல் 2 மைக்ரோலிட்டர் பிசிஆருக்கு (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் வினைக்கு) போதும். வரவில்லையே என்று 5 மைக்ரோலிட்டர் ஊற்றினால் இன்னும் வராது. காங்கேயம் மாட்டின் வால் குஞ்சம் கறுப்பு. அந்தக் கறுப்பு நிறமி, மெலனின், பிசிஆரை அமுக்கும். அளவைக் குறைப்பதும், வினையில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் என்ற கணக்கில் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்ப்பதும்தான் மருந்து.

வெட்டிப் பார்க்கும் முறை

சாதாரண பிசிஆர் கருவி, ஒரு ஜெல் தொட்டி, ஒரு விளக்குப் பெட்டி இருந்தால் செய்யக்கூடியது இது. 67ஆம் இடத்தில் இயற்கையாக எந்த நொதியும் வெட்டும் தளம் வசதியாக அமையவில்லை. அதனால் பின்பக்கப் பிரைமரிலேயே (பிரைமர் என்பது பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழை) ஒரு எழுத்தை வேண்டுமென்றே மாற்றி, செயற்கையாகத் தளம் உண்டாக்குகிறார்கள். அந்த 33 எழுத்துப் பிரைமரின் கடைசிக்கு முந்தைய எழுத்துதான் மாற்றப்பட்டது. பெருக்கிய துண்டு 121 பேஸ் (எழுத்து) நீளம். ஏ2 ஆக இருந்தால் டிடிஇ-1 நொதிக்குரிய சி-டி-என்-ஏ-ஜி தளம் (என் என்ற இடத்தில் எந்த எழுத்தும் வரலாம்) உருவாகி, துண்டு 86, 35 என்று வெட்டுப்படும். ஏ1 ஆக இருந்தால் வெட்டுப்படாமல் 121 ஆகவே நிற்கும்.

25 மைக்ரோலிட்டர் வினைக்கு இரட்டிப்புச் செறிவு மாஸ்டர் மிக்ஸ் (நொதியும் மற்ற சரக்கும் கலந்த ஆயத்தக் கரைசல்) 12.5, பத்து மைக்ரோமோலார் பிரைமர்கள் ஒவ்வொன்றிலும் 0.5, டிஎன்ஏ 1 முதல் 2, மீதி தண்ணீர். 95 டிகிரியில் 5 நிமிடம். பிறகு 95இல் 30 நொடி, 58இல் 30 நொடி, 72இல் 20 நொடி என 35 சுற்று. ஒட்டும் வெப்பநிலையை மட்டும் 55 முதல் 62 வரை ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்து உங்கள் கருவிக்கு நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். வெட்டுவதற்கு பிசிஆர் கரைசல் 10, பத்து மடங்கு பஃபர் 2, நொதி 0.5 (அதாவது 5 யூனிட்), தண்ணீர் 7.5 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 3 மணி நேரம். 1000 யூனிட் குப்பி 200 மாதிரிக்கு வரும். கோடையில் ஈரோட்டு அறை வெப்பமே 37ஐத் தொடும் என்றாலும் அதை நம்பி மேசை மேல் வைத்துவிட வேண்டாம். சூடான மூடி உள்ள பிசிஆர் கருவியிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் 20 மைக்ரோலிட்டரில் பாதி ஆவியாகி மூடியில் ஒட்டிக்கொள்ளும், உப்பு செறிந்து நொதி மந்தமாகும்.

இதில் புதிதாக வருபவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. உயர்தரம் என்று நினைத்து, பிழை திருத்தும் வகைப் பாலிமரேஸை (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியை) வாங்குவார்கள். அந்த நொதி பிரைமரின் முனையைக் கடித்து, வேண்டுமென்றே வைத்த எழுத்தைத் 'திருத்தி'விடும். தளம் அழிந்து, எல்லா மாடும் ஏ1ஏ1 என்று வரும். விலை குறைந்த சாதா டாக் பாலிமரேஸ்தான் இங்கே சரியான சரக்கு.

121ஐயும் 86ஐயும் பிரிக்க 4 சதவீத அகரோஸ் வேண்டும். 100 மி.லி. டிபிஇ பஃபரில் 4 கிராம் தூவி, சூடாக்குமுன் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். ஊறாமல் மைக்ரோவேவில் வைத்தால் கட்டி கட்டியாக நிற்கும், பொங்கி வழியும். ஓட்டம் 80, 100 வோல்ட்டில், பொறுமையாக. பக்கத்தில் 20 அல்லது 25 பேஸ் இடைவெளி அளவுகோல். 35 பேஸ் துண்டைத் தேட வேண்டாம். அது பிரைமர் மிச்சத்தோடு கலந்து மங்கிவிடும்.

படிக்கும்போது இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அரைகுறை வெட்டு. ஏ2ஏ2 மாதிரி முழுதாக வெட்டுப்படாவிட்டால் 86 தடிப்பாகவும் 121 மெல்லியதாகவும் நிற்கும். பார்ப்பவர் ஏ1ஏ2 என்று எழுதிவிடுவார். இரண்டு, உண்மையான ஏ1ஏ2 மாதிரியில் பிசிஆரின் கடைசிச் சுற்றுகளில் ஏ1 இழையும் ஏ2 இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அந்தக் கலப்பு இணையை நொதி வெட்டாது. இழைகள் தாறுமாறாகக் கோத்தால் வெட்டுப்படக்கூடியது கால் பங்குதான். ஆகவே நிஜக் கலப்பில் 121 தடிப்பு, 86 மெலிவு. அரைகுறை வெட்டில் நேரெதிர். சந்தேகம் வந்தால் மிச்சக் கரைசலில் இன்னும் 5 யூனிட் நொதி சேர்த்து இரவு முழுக்க விடுங்கள். 121 மறைந்தால் அது ஏ2ஏ2. மறையாமல் அப்படியே நின்றால் ஏ1 உண்டு.

இந்த முறையின் தவறுகள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன என்பதைக் கவனியுங்கள். நொதி பழசானாலும், பஃபர் மாறினாலும், நேரம் குறைந்தாலும் விளைவு 'ஏ1 இருப்பது போல' என்பதே. ஏ2ஏ2 என்று சொல்ல அந்த நொதி நிஜமாகவே வேலை செய்து 121 பட்டையைக் காலி செய்திருக்க வேண்டும். காளைத் தேர்வுக்கு இதைவிடப் பாதுகாப்பான சாய்வு கிடைக்காது. ஒரு நாள் பிடிக்கிறது, கை வேலை அதிகம் என்ற குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நான்கு பிரைமர் முறை

வெட்டும் வேலையே இல்லை. வெளியே இரண்டு, உள்ளே இரண்டு என நான்கு பிரைமரும் ஒரே குழாயில். உள்பிரைமர்கள் ஒன்று ஏ1க்கு மட்டும், மற்றது ஏ2க்கு மட்டும் நீளும். துண்டுகள் 400, 250, 190 என்று அமையும்படி வடிவமைத்தால் 2 சதவீத ஜெல்லே போதும். காலையில் முடி வந்தால் மதியத்துக்குள் முடிவு.

வடிவமைப்பில் ஒரு நுணுக்கம். பிரைமரின் கடைசி எழுத்து பொருந்தாதபோது எல்லா எழுத்தும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. ஏவும் ஜியும் எதிரெதிரே நின்றால் நன்றாகத் தடுக்கும். சியும் டியும் நின்றால் அந்த அளவு தடுக்காது. அதனால் ஏ1 பிரைமரை முன்பக்கமாக, ஏ எழுத்தில் முடியும்படி வையுங்கள். ஏ2 டிஎன்ஏவில் அது ஜிக்கு எதிரே நின்று திணறும். ஏ2 பிரைமரைப் பின்பக்கமாக, ஜியில் முடியும்படி வையுங்கள். ஏ1 டிஎன்ஏவில் அது ஏக்கு எதிரே நிற்கும். திசையை மாற்றி வைத்தால் இரண்டுமே ஒழுகும், அதாவது பொருந்தாத டிஎன்ஏவிலும் நீளும். உள்பிரைமர் 1 மைக்ரோமோலார், வெளிப்பிரைமர் 0.1 மைக்ரோமோலார் என்ற பத்துக்கு ஒன்று விகிதத்தில் தொடங்கி, பட்டைகளின் தடிப்பைப் பார்த்து ஏற்றி இறக்கலாம். பிழை திருத்தும் பாலிமரேஸ் இங்கேயும் ஆகாது.

குறை என்னவென்றால், இங்கே தவறு ஆபத்தான பக்கம் சாய்கிறது. டிஎன்ஏ குறைவாக இருந்தாலோ ஏ1 பிரைமர் பழசாகிவிட்டாலோ ஏ1 பட்டை மட்டும் வராமல் போகும். 400 பட்டை பளிச்சென்று இருப்பதால் வினை நன்றாக நடந்தது என்று மனம் நம்பும். ஆனால் அந்தப் பட்டை வெளிப்பிரைமர்களுக்குத்தான் சாட்சி, ஏ1 பிரைமருக்கு அல்ல. விளைவு, ஏ1ஏ2 காளை ஏ2ஏ2 ஆகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏ1ஏ2 கண்ட்ரோலை (வகை முன்பே தெரிந்த மாதிரியை) நேராகவும், பத்தில் ஒன்றாகவும், நூறில் ஒன்றாகவும் நீர்த்து ஓட்டுங்கள். எந்த நீர்ப்பில் ஏ1 பட்டை மறைகிறதோ, அந்த அளவு மங்கலாக 400 பட்டை வந்த மாதிரிகளை எல்லாம் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு உள்ள ஆய்வகத்துக்கு இது நல்ல முறை. இல்லாத இடத்தில் வேகம்தான் மிஞ்சும்.

ரியல் டைம் கருவி இருந்தால்

கொரோனா காலத்தில் வாங்கிய ஆர்டி-பிசிஆர் கருவி சும்மா கிடக்கும் இடங்களில் ஜெல்லைத் தொடவே வேண்டாம். இரு நிற ப்ரோப் முறை அங்கே சரியாக உட்காரும். ப்ரோப் என்பது தனக்குரிய வரிசை இருந்தால் ஒளிரும் சிறு டிஎன்ஏ இழை. ஒரு ப்ரோப் ஃபேம் நிறத்தில் ஏ1க்கு, மற்றது விக் அல்லது ஹெக்ஸ் நிறத்தில் ஏ2க்கு. குழாயைத் திறக்காமலே முடிவு வருவதால், முந்தைய பிசிஆர் கரைசல் பறந்து வந்து அடுத்த மாதிரியைக் கெடுக்கும் தொல்லை குறைவு. ப்ரோப்தான் செலவு, ஒரு முறை வாங்கினால் பல நூறு வினைக்கு வரும் என்பதால் மாதிரி எண்ணிக்கை கூடக்கூடத் தலைக்கு விலை இறங்கும். இரு நிற ஒளியையும் வரைபடமாகப் போட்டால் மாட்டுக்கொரு புள்ளி வரும். புள்ளிகள் மூன்று கூட்டமாகப் பிரிந்து நிற்க வேண்டும். மூலைக்கு அருகே தனியாக நிற்கும் புள்ளியை மென்பொருள் ஏதாவது ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடும். அதை ஏற்காமல் அழித்துவிட்டு அந்த மாட்டின் முடியை மறுபடி எடுங்கள்.

துண்டின் இரு இழைகளும் எந்த வெப்பத்தில் பிரிகின்றன என்று பார்க்கும் உருகுநிலை வளைவு முறையில் ப்ரோப் செலவும் இல்லை, ஒரு சாயம் போதும். சிக்குப் பதில் ஏ வரும் மாற்றத்தில் உருகுநிலை வித்தியாசம் தெளிவாகவே வரும். 50 முதல் 80 பேஸ் துண்டு வைத்தால் ஏ1ஏ1 வளைவு ஏ2ஏ2வைவிடச் சற்று முன்னால் உருகுவது தெரியும். ஆனால் இந்த முறை உப்பின் அளவுக்கு அடிமை. காரத்தில் வேகவைத்த முடிக் கரைசல்கள் மாதிரிக்கு மாதிரி மாறும். அந்த மாறுதலே வளைவை நகர்த்திவிடும். தூண் கிட்டில் சுத்தம் செய்து ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தால்தான் நம்பலாம். அந்தக் கிட்டுக்கான செலவு, ப்ரோப்பில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். பல கொரோனா காலக் கருவிகளில் நுண்ணிய உருகல் வசதியும் இல்லை. முடி மாதிரி வைத்து வேலை செய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

பல நூறு மாதிரி ஒரே தட்டில் பார்ப்பவர்களுக்கு, ஏ1, ஏ2க்குத் தனித்தனிப் பிரைமரும் நிறமும் வைக்கும் காஸ்ப் முறை உண்டு. பயிர் இனப்பெருக்கத்தில் இருப்பவர்களுக்குப் பழக்கமான பெயர். அதில் ஒரே எச்சரிக்கை: ஒளியை 40 டிகிரிக்குக் கீழே படிக்க வேண்டும். ஆர்டி-பிசிஆர் கருவியை வழக்கம்போல் 60 டிகிரியில் படிக்க விட்டால் கூட்டங்கள் பிரியாது. ரசாயனம் கெட்டுவிட்டது என்று குப்பியைத் தூக்கிப் போடுவார்கள்.

யாருக்கு எது

பத்துப் பதினைந்து காளை மட்டும் என்றால், கையில் சாதா பிசிஆர் இருந்தால் வெட்டிப் பார்க்கும் முறை. வேறு யோசனை வேண்டாம். ஒவ்வொரு காளைக்கும் முடியை இரண்டு உறையில் தனித்தனியாக எடுத்து, இரண்டையும் தனித்தனியாக ஓட்டுங்கள். டிஎன்ஏ மிகக் குறைவாக இருந்தால் எந்த முறையிலும் ஒரு பக்கப் பிரதி பெருகாமல் விடுபடும், இரட்டை மாதிரிதான் அதற்குக் காவல். பால் நிறுவனத்தின் 200, 300 பசுக்கள் என்றால், ரியல் டைம் கருவி இருப்பவர்கள் ப்ரோப். இல்லாதவர்கள் நான்கு பிரைமரில் சலித்து, அதில் ஏ2ஏ2 என்று வந்து இனப்பெருக்கத்துக்குப் போகும் மாடுகளை மட்டும் டிடிஇ-1இல் மறுபடி பார்க்கலாம். ஆண்டுக்கு நாலைந்து மாதிரிதான் என்றால் ஆய்வகமே தொடங்க வேண்டாம். நொதி குப்பியிலேயே காலாவதியாகும். வெளியே வரிசைப்படுத்தலுக்கு (டிஎன்ஏவை எழுத்து எழுத்தாக வாசிப்பதற்கு) அனுப்புவது மலிவு.

எந்த முறை எடுத்தாலும் ஏ1ஏ1, ஏ1ஏ2, ஏ2ஏ2 என மூன்று கண்ட்ரோலும் ஒரு வெறும் தண்ணீர்க் குழாயும் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். நாட்டு மாடுகளில் ஏ1ஏ1 தேடி அலைய வேண்டாம். பக்கத்துப் பண்ணை ஃப்ரீசியன் கலப்பினத்தில் பல மாடுகளைப் பார்த்தால் கிடைக்கக்கூடும். கண்ட்ரோல் மாடுகளை மட்டும் ஒரு முறை சேங்கர் வரிசைப்படுத்தலுக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு 121 பேஸ் துண்டை அனுப்பினால் பயனில்லை: வரிசையின் முதல் 30, 50 எழுத்து எப்போதும் கலங்கித்தான் வரும், நமக்கு வேண்டிய எழுத்து அந்தக் கலங்கலுக்குள்ளோ முனைக்கு அருகிலோ மாட்டிக்கொள்ளும். 67ஆம் இடம் நடுவில் வரும்படி 400 பேஸ் அளவில் வேறு பிரைமர் இணை வைத்துப் பெருக்கி, இரண்டு திசையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். முன்பக்க வாசிப்பில் ஏ1ஏ2 மாட்டுக்கு அந்த இடத்தில் சியும் ஏயும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகடு காட்டும். மென்பொருள் உயரமான முகட்டை மட்டும் எழுதிவிடும் என்பதால் எழுத்துக் கோப்பை நம்பாமல் முகட்டுப் படத்தைத் திறந்து பாருங்கள். பின்பக்க வாசிப்பில் அதே இடம் ஜி, டி என்று வரும். அதைப் பார்த்து வேறு மாற்றம் என்று பதற வேண்டாம்.